சரி எந்தப் பக்கம்

பேசக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது. ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்க வந்தவர் தப்பான பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோனால் அச்சச்சோ என்று முகத்தில் காட்டக் கூடாது. இதெல்லாம் நானே எழுதி, நானே பிரிண்ட் எடுத்து, இந்த அறைச் சுவரில் நானே ஒட்டிய விதிகள். அப்போது எனக்கு என்ன தெரியும், ஒரு சனிக்கிழமை காலையில் நவநீதனின் அம்மா வந்து அந்த நாற்காலியில் உட்காருவார் என்று? வர வேண்டியவர் வரவில்லை. ஒரு ரிட்டயர்டு தாசில்தார், நேற்று மாலைகூட கண்டிப்பாக வருகிறேன் என்றார், இன்று போனையே எடுக்கவில்லை. பியூலா சும்மா இருப்பாளா, இந்தச் சோதனைகளை நடத்துவது அவள் பொறுப்பு, கீழே ரிசப்ஷனுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள், மகன் மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார், கொஞ்ச நேரம் எங்களுக்காக ஒரு ஆப்பைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாள், அவரும் சந்தோஷமாக எழுந்து வந்துவிட்டார். "நம்ம நவநீதனோட அம்மாடி, துளசிமணி அம்மா" என்று அவள் அறிமுகம் செய்தபோது நான் எழுந்து நின்றேன், கும்பிட்டேன், பேனாவைக் கீழே போட்டேன், அதை எடுக்கக் குனிந்து மேஜையில் தலையை இடித்துக்கொண்டேன். எனக்கும் நவநீதனுக்கும் இடையில் இருப்பது பியூலாவுக்குத் தெரியாது. இந்த ஆபீசில் யாருக்கும் தெரியாது. துளசிமணி அம்மாவுக்கு நிச்சயமாகத் தெரியாது. நானும் நவநீதனும் சேர்ந்து ஒரு நாள் பார்த்து, பக்குவமாக, முதலில் அவன் பேசி, அப்புறம் நான் போய், இப்படியெல்லாம் வரிசை போட்டு வைத்திருந்தோம். அந்த வரிசையில் எங்கேயும் இது இல்லை.

"மனசுல என்ன தோணுதோ அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிட்டே இருங்கம்மா. நல்லதோ கெட்டதோ, எதையும் உள்ளுக்குள்ள வச்சுக்காதீங்க. நாங்க உங்களைச் சோதிக்கல, ஆப்பைத்தான் சோதிக்கறோம்" என்கிறாள் பியூலா. "அதுக்கென்னுங்க, நமக்குப் பேசறதுக்குச் சொல்லியா குடுக்கோணும்" என்கிறார் அவர். நல்ல கனமான குரல். பீளமேட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், பெண்களுக்கு மட்டும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திக் கத்தித் தேறிய குரல். அந்தக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும் என்று நவநீதன் சொல்லியிருக்கிறான். கற்றுக்கொள்கிற பெண் லாரிக்கு நேராக வண்டியை விட்டால் அவர் தன் பிரேக்கை மிதித்துவிடுவார். எனக்கும் இப்போது அப்படி ஒன்று காலடியில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மிதித்துவிட்டு, சோதனை முடிந்தது, நன்றி, போய் வாருங்கள் என்று சொல்லிவிடலாம். காலடியில் என் செருப்புதான் இருக்கிறது, அதிலும் ஒரு வார் அறுந்திருக்கிறது, அவர் பார்த்திருப்பாரா? பார்த்தால் என்ன? என்னை இப்போது அவர் பார்க்கவே போவதில்லை, நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் ஒரு பெண், அவ்வளவுதான், கிளிப்பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண். ஏன் இன்றைக்குப் போய்ச் சேலை? சனிக்கிழமை, ஆபீசில் பாதிப் பேர் இல்லை, நவநீதன் நேற்று ஒரு வார்த்தை சொன்னான் என்று கட்டிக்கொண்டு வந்தேன். எழுது, வல்லி, எழுது. குறிப்பு: பங்கேற்பவர் முதல் திரையைப் பார்க்கிறார். புன்னகைக்கிறார். நவநீதன் சிரிப்பு அப்படியே. கடைசி வாக்கியத்தை அடிக்க வேண்டும்.

ஆப் பஸ் டிக்கெட் எடுக்கிற ஆப். அந்தப் பஸ் கம்பெனிக்கு கவுண்டரில் பழைய கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று, வெப்சைட் ஒன்று, இப்போது போனுக்கு இது. மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் மேனேஜர் சொக்கலிங்கத்தின் ஒற்றைப் பிடிவாதம். அவர் இப்போது பக்கத்து அறையில் பெரிய டிவியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார், விரல் எங்கே போகிறது என்பது முதல் இந்த அம்மா இருமுவது வரை அவருக்குத் தெரியும், கேட்கும். ஒரே மாதிரி என்றால் என்ன சார் என்று நான் அவரிடம் எவ்வளவோ கேட்டுவிட்டேன். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு மவுஸ் இருக்கிறது, அம்பை ஒரு பட்டன் மேல் கொண்டுபோய் நிறுத்தினால் அது இன்னதென்று ஒரு சின்னக் கட்டம் விளக்கம் சொல்லும். வெப்சைட் பார்ப்பவர் வழி தெரியாமல் போனால் மூலையில் இருக்கும் கம்பெனிப் பெயரை அமுக்கி முகப்புக்கு வந்துவிடுவார், யாரும் சொல்லித் தராமலே உலகம் முழுக்க அப்படிப் பழகிவிட்டது. போனில் இருப்பது ஒரு கட்டைவிரல், பஸ் குலுக்கல், மறு கையில் ஒரு பை. அவரவர் கை அவரவர் இடத்தில் பழகி வந்திருக்கிறது சார், அந்தப் பழக்கத்தை மதிப்பதுதான் ஒரே மாதிரி என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப கவுண்டர்ல இருக்கற மாதிரியே சரி, ரத்துன்னு ரெண்டு பட்டன் போட்டுருங்கம்மா" என்றார். அதுவும் எங்கே? டிக்கெட்டை ரத்து செய்யும் இடத்தில். 'இந்த இருக்கையை ரத்து செய்ய வேண்டுமா?' என்று கேள்வி, அதன் கீழே 'சரி', பக்கத்தில் 'ரத்து'. ரத்து என்று அமுக்கினால் ரத்து செய்வது ரத்தாகிவிடும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தலை ஒரு சுற்று சுற்றும். 'வேண்டாம், இருக்கட்டும்', 'ஆமாம், இருக்கையை ரத்து செய்' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நீளமாக இருக்கிறது என்று தள்ளிவிட்டார். இன்றைய சோதனையில் ஒருவர் தடுமாறினாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று பியூலாதான் பேசி அவரை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் ஆப் வெளியே போகிறது. காலையில் இருந்து வந்த நாலு பேரும் தடுமாறவில்லை, நாலு பேரும் இருபது வயதுக்காரர்கள், எதையும் படிக்காமல் அமுக்குகிறவர்கள், அவர்களுக்கு எது எங்கே இருந்தாலும் சரியாக வந்துவிடுகிறது.

"மூணு கோடு போட்டிருக்குதுங்க மேல. இது எதுக்குங்க?" என்கிறார் துளசிமணி அம்மா. பியூலா பயிற்சி பெற்றவள், பதில் சொல்ல மாட்டாள், "பார்த்தா உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்று திருப்பிக் கேட்கிறாள். "விபூதியாட்டத் தோணுதுங்க." நான் உதட்டைக் கடித்துக்கொள்கிறேன். சிரிக்கக் கூடாது என்பதும் விதிதான். அதை அமுக்கினால் மெனு வரும், வருகிறது, "ஓ, அலமாரிக் கதவு" என்கிறார், மூடுகிறார், நன்றாகவே பிடித்துக்கொள்கிறார். கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்கு இரண்டு இருக்கை எடுக்க வேண்டும், பிறகு ஒன்றை ரத்து செய்ய வேண்டும், இதுதான் கொடுத்த வேலை. சீட்டு வரைபடம் வருகிறது. பச்சை காலி, சாம்பல் ஆள் இருக்கிறது, இளஞ்சிவப்பு பெண்கள் பக்கம். "ஜன்னலோரமே வேணுமுங்க, எனக்கு வாந்தி வரும்." ஊரெல்லாம் கார் ஓட்டச் சொல்லித் தருபவருக்கு பஸ்ஸில் வாந்தி வருமா! இதை நவநீதன் சொன்னதே இல்லை. எனக்கு ஏனோ அந்த இடத்தில் அவரை மிகவும் பிடித்துவிடுகிறது. நானும் அப்படித்தான் அத்தை என்று வாய் வரை வருகிறது, அத்தை என்ற சொல் எங்கிருந்து வந்தது, யார் கேட்டார்கள் அதை, விழுங்கிவிடுகிறேன். ஹாஸ்டலில் இருந்தபோது மூன்று அடுப்புள்ள கேஸ் ஸ்டவ் ஒன்று இருந்தது, எந்தத் திருகைத் திருகினால் எந்த அடுப்பு எரியும் என்று ஒரு வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை, பால் வைத்த அடுப்பு சும்மா இருக்கும், பக்கத்தில் வெறும் அடுப்பு நீலமாக எரியும். மனசும் அந்த ஸ்டவ் மாதிரிதான். குறிப்பெடு என்று ஒன்றைத் திருகினால் அத்தை என்று வேறொன்று பற்றிக்கொள்கிறது.

நவநீதனோடு எனக்கு முதல் சண்டையும் ஒரு பட்டனுக்காகத்தான். அவன் அப்போது புதிதாக வந்து சேர்ந்த புரோகிராமர். நான் வரைந்து கொடுத்த திரையில் 'சரி' இடப்பக்கம் இருந்தது, அவன் செய்து காட்டியதில் வலப்பக்கம் இருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். வாசிக்கிற கண் கடைசியில் எங்கே போய் நிற்குமோ அங்கேதான் சரி இருக்க வேண்டும் என்றான். வாசிக்கிற கண் முதலில் எங்கே விழுமோ அங்கே என்றேன் நான். அவன் வீட்டில் ஒரு வகைக் கம்ப்யூட்டர், எங்கள் கோவில்பட்டி கம்ப்யூட்டர் சென்டரில் வேறு வகை, அதில் வலது, இதில் இடது, இரண்டுமே பெரிய பெரிய ஆட்கள் யோசித்து வைத்ததுதான். கேன்டீனில் சண்டை, லிப்டில் சண்டை, ஒருநாள் காந்திபுரம் சிக்னலில் நின்றுகொண்டு சண்டை, சிக்னல் பச்சையாகி மறுபடி சிவப்பாகிவிட்டது, இருவரும் நகரவில்லை. கடைசியில் அவன் சொன்னான், "சரிங்க, நீங்க எந்தப் பக்கம் வச்சாலும் நான் அந்தப் பக்கமே வர்றேன்." நான் அன்றைக்கு அவன் பெயரை என் போனில் 'வலப்பக்கம்' என்று மாற்றி வைத்தேன். இன்னும் அப்படித்தான் இருக்கிறது, பக்கத்தில் அவன் போட்டோவோடு, மூக்குக்கண்ணாடி கொஞ்சம் சாய்ந்த அந்தப் போட்டோ. என் போனில்.

என் போனில். துளசிமணி அம்மா கையில் இருப்பது என் போன். சோதனைக்கென்று வைத்திருந்த போன் சரியாக அந்த நேரம் பார்த்துத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறேன் என்று கறுப்பாகிவிட்டது, உன் போன்ல ஆப் இருக்குல்ல, குடு என்று பியூலா வாங்கிக் கொடுத்துவிட்டாள். கொடுக்கும்போது மெசேஜ் வருவதை அணைத்தேனா? அணைத்தேன். அணைக்க நினைத்தேன். மேலிருந்து கீழே இழுத்தேன், பிறை நிலா வடிவம் ஒன்று இருக்கும், அதைத் தொட்டால் தொந்தரவு செய்யாது, தொட்டேனா? டார்ச் எரிந்தது, அணைத்தேன், அது ஞாபகம் இருக்கிறது. நிலாவைத் தொட்டதாக ஞாபகம் இல்லை. தொட்டிருப்பேன். பிறை நிலா என்றால் ராத்திரி, ராத்திரி என்றால் தூக்கம், தூக்கம் என்றால் சத்தம் போடாதே, யாரோ ஒருவர் யோசித்து வைத்த எவ்வளவு அழகான ஏற்பாடு, அதை நான் தொட்டேனா இல்லையா? போய் வாங்கிப் பார்க்க முடியாது. பேசக் கூடாது. அவன் எதற்கு இப்போது மெசேஜ் போடப் போகிறான், அவன் மூன்றாம் மாடியில் மீட்டிங்கில் இருக்கிறான், மீட்டிங்கில்தான் அவன் மெசேஜ் போடுவான், வேறு எங்கே போடுவான். தொட்டேன். தொட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். குறிப்பு: பங்கேற்பவர் பணம் கட்டும் பக்கத்தைத் தயக்கமின்றிக் கடக்கிறார்.

டிங்.

"மேலேருந்து ஒரு பெட்டி எறங்கி வருதுங்க" என்கிறார் துளசிமணி அம்மா. எதையும் உள்ளுக்குள் வைக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறோமே, அதனால் நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசிக்கிறார். "வலப்பக்கம். அம்மா ஆபீசுக்கு வந்திருக்காங்களாம். நீ வெளிய வராத." மறுபடி டிங். "இன்னொண்ணு வருதுங்க. பச்சைச் சேலையில உன்னைப் பாத்தாங்கன்னா இன்னிக்கே கல்யாணந்தான், தங்கமே."

மின்விசிறி சுற்றுகிறது. அது மட்டும்தான் இந்த அறையில் அசைகிறது. பியூலா போனைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கவில்லை, இன்னும் அவளுக்கு உறைக்கவில்லை. "இதும் உங்க ஆப்புல வர்றதுங்களா?" என்று கேட்கிறார் அவர். பியூலா, பழக்க தோஷம், நாக்கில் ஏறி உட்கார்ந்துவிட்ட அந்த ஒரே பதில், "பார்த்தா உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்கிறாள்.

"எம் பையனாட்டத் தோணுதுங்க."

பிறகு அவர் தலையைத் திருப்புகிறார். மெதுவாக, ரிவர்ஸ் எடுப்பவர் திரும்புவதுபோல உடம்போடு சேர்த்து. என் முகத்தை அவர் முதலில் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்தார், முந்தானையிலிருந்து மடிப்பு வரை, அப்புறம் செருப்பை, அப்புறம்தான் முகம். "இந்தப் போனு யாருதுங்க?" நான் பேசக் கூடாது. சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் எழுந்து நின்றேன். சொல்லாமல் விட்டால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம், பியூலாவின் போன் என்று ஒரு பொய் சொல்லலாம், ஆனால் பொய் சொல்லி அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவது, ஒவ்வொரு முறையும் அந்தப் பொய்யைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டுமே. "என்னோடதுங்க அம்மா" என்றேன். என் குரலை நானே அப்போதுதான் கேட்கிறேன், காலையிலிருந்து பேசாததால் கரகரவென்று வந்தது. பியூலாவின் வாய் ஓ என்று திறந்து அப்படியே நின்றது.

துளசிமணி அம்மா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "இருங்க, கையில எடுத்ததை முடிச்சுப்போடறேன்" என்று ஆப்புக்குத் திரும்பிவிட்டார். திரும்பிவிட்டார்! இதற்கு என்ன அர்த்தம்? கோபமா? கோபமென்றால் போனை வைத்துவிட்டு எழுந்திருப்பார். சந்தோஷமா? சந்தோஷமென்றால் இப்படி முதுகைக் காட்டுவாரா? அவர் பின்னங்கழுத்தில் கொண்டைக்குக் கீழே ஒரு மல்லிகைச் சரம், அதில் ஒரு பூ மட்டும் தனியாகத் தொங்குகிறது, விழுமா விழாதா, நான் அதையே பார்க்கிறேன், அந்தப் பூவிடமிருந்து ஏதாவது தெரியுமா என்று. "ரெண்டு சீட்டு இருக்குதுங்க. ஒண்ணை எடுத்துப்போடோணும். இங்கெ அமுத்துனா கேக்குது. இந்த இருக்கையை ரத்து செய்ய வேண்டுமா. ஆமா, ரத்துதான்." விரல் ரத்து மேல் அழுத்தமாக இறங்குகிறது. பெட்டி மூடிக்கொள்கிறது. "ஆச்சுங்க." பியூலா தன்னைத் திரட்டிக்கொண்டு, "ஆயிடுச்சுன்னு எப்படித் தெரியுதும்மா?" என்று கேட்கிறாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்கிறார். "அட, ரெண்டும் அப்படியே நிக்குது? நான் ரத்துன்னுதானுங்க அமுத்துனேன்?" மறுபடி அமுக்குகிறார், மறுபடி ரத்து, மறுபடி இரண்டும் அப்படியே. "இதென்ன பைத்தியக்காரத்தனமா இருக்குது, ரத்துன்னு எழுதி வச்சுட்டு ரத்துப் பண்ண மாட்டேங்குது, எவன் செஞ்சது இது?"

கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு சொக்கலிங்கம் உள்ளே வந்தார். அவருக்குக் காது நுனி வரை சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "நான்தாங்க அம்மா செய்யச் சொன்னது. மாத்திடறோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ எழுதுனதையே போட்டுரும்மா, நீளமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மூன்று மாதமாக நான் மீட்டிங்கில் கேட்டதும் கெஞ்சியதும் கனவில்கூட வாதாடியதும் இதற்குத்தான். ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயிப்பு எங்கேயோ அறை ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருக்கிறது, அதைப் போய்க் கூப்பிட எனக்கு நேரமில்லை. "அப்புறம், கல்யாணத்துக்குப் பஸ்ஸு நம்ம கம்பெனிதான், ஆமா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எல்லாம் கேட்டிருக்கிறது. டிவியில் பெரிதாக, தங்கமே வரை.

துளசிமணி அம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். "உக்காரு கண்ணு" என்றார். கண்ணு என்று எல்லோரையும்தான் சொல்வார்கள் இந்த ஊரில், அதில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். "பேரென்ன?" "செண்பகவல்லிங்க. வல்லின்னு கூப்பிடுவாங்க." "எந்த ஊரு?" "கோவில்பட்டிங்க." அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். எந்த ஊர் என்று கேட்டவர்கள் அடுத்துக் கேட்பது எப்போதும் ஒன்றுதான், சுற்றி வளைத்துக் கேட்பார்கள், உங்க பக்கம் எந்தக் கோயில், அப்பா பேருக்குப் பின்னால என்ன போடுவாங்க, அதற்கு நான் சொல்லும் பதில் அவர் வீட்டுப் பதில் அல்ல, அந்த இடத்தில் முடிந்துபோன கதைகள் எனக்கு நிறையத் தெரியும். அந்தக் கேள்வி அவர் முகத்தில் ஏறி வருவதைப் பார்த்தேன். கண்ணில் வந்தது, உதடு வரை வந்தது. அவரும் அதை அங்கே வைத்துக் கொஞ்ச நேரம் மென்றார். பிறகு அவர் அதை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கேட்டார். "எத்தனை நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷமாங்க."

"ரெண்டு வருஷமா என்கிட்டச் சொல்றதுக்கு அவனுக்கு வாய் இல்லை. தினம் என் கையால தோசை திங்கறான்." கோபம்தான். ஆனால் அது என் மேல் இல்லை, அப்படியே என்னைத் தாண்டி மூன்றாம் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அது சரி. எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது. அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணுனாங்க?" என் போனை என்னிடமே நீட்டினார். "நம்பரைப் போடு."

"இப்பவேவாங்க?"

"அப்பறம் எப்ப? நாலு நாள் கழிச்சுன்னா நான் நாலு பேர்கிட்டக் கேப்பேன், நாலு பேரும் நாலு விதமாச் சொல்லுவாங்க, எம் மனசு கெட்டுப்போகும். இப்ப நல்லா இருக்குது. போடு."

போனை வாங்கிக்கொண்டேன். அம்மா என்று தேட வேண்டியதில்லை, முதலிலேயே இருக்கும். அந்தச் சின்னப் பச்சைக் குறியைத் தொடத் தெரியாமல் இரண்டு தடவை பக்கத்தில் தொட்டேன், ஆறு வருடமாக இதைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன், தொடுகிற இடம் பெரிதாக இருக்க வேண்டும், விரல் நடுங்குகிறவர்களுக்கும் எட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் எடுத்திருக்கிறேன். துளசிமணி அம்மா என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார். அவர் கை சூடாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. மணி போகிறது. பியூலா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள், யார் சொன்னார்கள் இவளிடம்? அந்த நேரம்தான் கதவு திறந்து நவநீதன் வந்து நின்றான், சொக்கலிங்கம் போய்ச் சொல்லியிருப்பார், இரண்டிரண்டு படியாகத் தாண்டி வந்திருப்பான், மூச்சு வாங்குகிறது, மூக்குக்கண்ணாடி சாய்ந்திருக்கிறது, "அம்மா, அது வந்து..." என்று ஆரம்பித்தான். அவர் அவனைப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டினார். அவன் அப்படியே நின்றான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான், பயந்த முகத்தோடு அவனுக்குச் சிரிப்பு வந்தது, அதைப் பார்த்து எனக்கும் வந்துவிட்டது, இந்த இடத்தில் சிரிக்கிறோமே என்று நினைக்க நினைக்க இன்னும் வந்தது.

"ஏ வல்லி, என்னடி இந்த நேரத்துல? சாப்ட்டியா? நான் இப்பத்தான் மாவை ஆட்டி வச்சுட்டு நிமிர்றேன், உங்கப்பா மோட்டாரைப் போட்டுட்டு எங்கயோ போயிட்டாரு, தண்ணி ரொம்பி வழியுது" என்று அம்மா தன் போக்கில் ஆரம்பித்துவிட்டாள்.

"நான் வல்லி இல்லீங்க. நவநீதனோட அம்மா பேசறனுங்க, கோயம்புத்தூர்லயிருந்து."

அந்தப் பக்கம் அம்மா மோட்டாரை அணைக்கும் சத்தம். "எந்த நவநீதன்?"

துளசிமணி அம்மா கதவோரம் நிற்கும் மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஏதோ இளகி வந்தது.

"அதைச் சொல்றதுக்குத்தானுங்க கூப்பிட்டேன். நின்னுட்டிருக்கீங்களா, உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"உக்காந்துக்குங்க."

கோவில்பட்டியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தரையில் இழுபடுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.